கடலோடும் தீயோடும் போராடிய காப்டன் மான்பி

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டகை, பெட்ரோல் பங்க் - எங்கே பார்த்தாலும் சுவரில் ஒரு சிவப்பு உருளை தொங்குகிறது. கப்பலிலும் அது உண்டு. விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஏறிப் போகும் சிறிய மோட்டார் படகிலும் அது உண்டு. அதுதான் தீயணைக்கும் கருவி.

அதைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் காற்றின் அழுத்தத்தால் வேலை செய்யும் அந்தக் கருவியை முதன் முதலில் செய்து காட்டியவர் யார் என்று கேட்டால், பதில் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே.

அவர் தீயணைக்கும் படையில் வேலை பார்த்தவர் அல்ல. பெரிய விஞ்ஞானியும் அல்ல. இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில், பட்டாளத்துக் கட்டடங்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஓர் அதிகாரி. பெயர், காப்டன் ஜார்ஜ் வில்லியம் மான்பி.

அவருடைய வாழ்க்கையை மாற்றியது தீ அல்ல, தண்ணீர்!

இளமைப் பருவம்

1765-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான நார்போக் மாவட்டத்தில், டென்வர் என்ற கிராமத்தில் மான்பி பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. தம்பி தாமஸ் கப்பற்படையில் சேர்ந்தார். பிற்காலத்தில் அட்மிரல் பதவி வரை உயர்ந்தார்.

மான்பி பக்கத்து ஊரான டவுன்ஹாமில் படித்தார். கப்பற்படை வீரர் நெல்சனும் அந்தப் பள்ளியில் படித்தவர் என்று மான்பி பிற்காலத்தில் சொல்லிக்கொள்வது வழக்கம். நெல்சன் மீது அவருக்கு இருந்த பக்தி கடைசி வரை குறையவில்லை.

வாலிப வயதில், 1783-ம் ஆண்டில், அவர் ஒரு வேடிக்கை செய்தார். சிறிய பீரங்கி ஒன்றில் குண்டைப் போட்டு, அந்தக் குண்டில் கயிற்றைக் கட்டி, டவுன்ஹாம் மாதா கோவிலுக்கு மேலே சுட்டார். குண்டு கோவிலைத் தாண்டி விழுந்தது. கயிறும் கூடவே போயிற்று. அன்று அது வெறும் விளையாட்டு. ஆனால் அந்த விளையாட்டு பல உயிர்களைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பின்னர் உள்நாட்டுப் படையில் சேர்ந்து காப்டன் ஆனார். 1793-ம் ஆண்டில் கலியாணம் நடந்தது. ஆனால் குடும்ப வாழ்க்கை இன்பமாக அமையவில்லை. 1801-ம் ஆண்டில் மனைவியை விட்டுப் பிரிந்து, பிரிஸ்டல் நகருக்கு அருகே தனியாக வாழ்ந்தார். புத்தகங்கள் எழுதிப் பொழுதைப் போக்கினார்.

அந்தச் சமயம் நெப்போலியன் இங்கிலாந்து மீது படையெடுக்கப் போகிறான் என்று நாடே நடுங்கிக்கொண்டிருந்தது. 1803-ம் ஆண்டில் மான்பி அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதைப் படித்த யுத்த மந்திரி மகிழ்ந்து, அவருக்கு ஓர் உத்தியோகம் கிடைக்கச் செய்தார். கிரேட் யார்மத் என்ற துறைமுக ஊரில் பட்டாளத்துக் கட்டடங்களை மேற்பார்வை செய்யும் வேலை அது. அமைதியான வேலை, நிலையான சம்பளம். நாலு வருஷம் அப்படியே ஓடியது.

அறுபது கெஜ தூரம்

1807-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி. வட கடலில் கடும் புயல் அடித்தது. ஸ்னைப் என்ற போர்க்கப்பல் யார்மத் கரைக்கு அருகே தரை தட்டி நின்றுவிட்டது.

கரைக்கும் கப்பலுக்கும் இடையே இருந்த தூரம் 60 கெஜம்தான். ஒரு சின்னத் தெருவின் நீளம்! கப்பலில் இருந்தவர்களின் முகம் கரையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் போட்ட கூக்குரலும் கேட்டது. ஆனால் அலை மலை போல எழுந்து மோதியது. எந்தப் படகும் நெருங்க முடியவில்லை. நீந்திப் போகவும் வழியில்லை.

கூட்டம் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. கண் எதிரே 67 பேர் மாண்டார்கள்.

புயல் ஓய்ந்த பிறகு கடற்கரை நெடுகிலும் 147 பிணங்கள் ஒதுங்கின.

அந்தக் கூட்டத்தில் மான்பியும் நின்றார். மற்றவர்கள் அழுதார்கள், பிறகு வீட்டுக்குப் போனார்கள். மான்பியால் அதை மறக்க முடியவில்லை. அந்த 60 கெஜத்தை ஒரே ஒரு கயிறு கடந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்களே என்ற எண்ணம் அவரை வாட்டியது. அப்போதுதான் மாதா கோவிலுக்கு மேலே கயிறு பறந்த பழைய விளையாட்டு அவர் நினைவுக்கு வந்தது.

கயிறு சுமந்த குண்டு

சர்க்காரிடமிருந்து ஒரு சிறிய பீரங்கியைக் கேட்டு வாங்கினார். குட்டையான, வாய் அகன்ற பீரங்கி அது. குண்டை உயரமாகத் தூக்கி வீசக் கூடியது. அதைக் கொண்டு சோதனை தொடங்கினார்.

சொல்வது எளிது, செய்வது கடினம். மருந்து வெடித்ததும் தீச்சுவாலை கயிற்றை எரித்தது. குண்டு பாயும் வேகத்தில் கயிறு அறுந்தது. கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலியைக் கட்டிப் பார்த்தார். சங்கிலியும் துண்டு துண்டாகத் தெறித்தது.

கடைசியில் பதப்படுத்தாத மாட்டுத் தோலை வாராக வெட்டி, பின்னல் போலப் பின்னி, குண்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே கட்டினார். தோல் தீயில் எரியவில்லை. இழுப்பில் அறவும் இல்லை. கயிறு சிக்கிக்கொள்ளாமல் ஓட வேண்டும் என்பதற்காக, அதைக் கூடையில் வரிசை வரிசையாக மடித்து வைத்தார். வழி பிறந்தது!

ஸ்னைப் கப்பல் அழிந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை. 1808-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, எலிசபெத் என்ற கப்பல் அதே கடற்கரையில் புயலில் சிக்கியது. மாலுமிகள் அலை அடித்துக்கொண்டு போகாதபடி தங்களைப் பாய்மரக் கயிறுகளோடு கட்டிக்கொண்டு தவித்தார்கள். மான்பி பீரங்கியோடு ஓடி வந்தார். சுட்டார். குண்டு கப்பலைத் தாண்டி விழுந்தது. கயிறு கப்பலின் மேல் கிடந்தது!

மாலுமிகள் அந்தக் கயிற்றைப் பிடித்தார்கள். அதன் மூலம் ஒரு படகு கப்பல் வரை இழுக்கப்பட்டது. 7 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

அதோடு அவர் நிற்கவில்லை. இரவில் கப்பல் கண்ணுக்குத் தெரியாதே? வானத்தில் வெடித்து வெளிச்சம் சிந்தும் குண்டுகளைச் செய்தார். குண்டு கப்பலில் பற்றிக்கொள்ளாமல் வழுக்கி விழுந்தால்? அதற்குக் கொக்கிகள் வைத்த குண்டைச் செய்தார். பார்லிமெண்டு அவருக்குப் பண உதவி அளித்தது. கரையோரம் பல இடங்களில் அவருடைய பீரங்கி நிறுத்தப்பட்டது.

மூழ்காத படகு

தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காத படகு ஒன்றையும் அவர் கட்டினார். சோதனை நடந்தது. படகு நிறையத் தண்ணீர் புகுந்தும் அது மிதந்தது. ஆனால் படகில் இருந்த ஆட்களுக்கு மான்பியைப் பிடிக்கவில்லை. உடைந்த கப்பல்களிலிருந்து கிடைக்கும் சரக்குகள்தான் அவர்களுக்குப் பிழைப்பு. இந்த மனிதர் நம் வயிற்றில் அடிக்கிறார் என்று எண்ணினார்களோ என்னவோ, படகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்கள். கடைசியில் கவிழ்த்தே விட்டார்கள்!

நல்லது செய்யப் போனவருக்கு இப்படிப்பட்ட எதிர்ப்புகள் வாழ்நாள் முழுதும் இருந்தன.

எடின்பரோவில் கண்ட தீ

பீரங்கிகளை எங்கெங்கே வைக்கலாம் என்று பார்க்க, மான்பி கிழக்குக் கரையோரமாக ஸ்காத்லாந்து வரை பிரயாணம் செய்தார். 1813-ம் ஆண்டில் எடின்பரோ நகரில் ஒரு வீடு தீப்பற்றி எரிவதைக் கண்டார்.

எடின்பரோவில் அந்தக் காலத்திலேயே உயரமான மாடி வீடுகள் அதிகம். தீ மேல் மாடியில் பிடித்திருந்தது. தீயணைக்கும் வண்டி கீழே தெருவில் நின்றது. ஆட்கள் கையால் பம்பு அடித்தார்கள். தண்ணீர் மேல் மாடியை எட்டவே இல்லை. வீடு எரிந்தது. ஜனங்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மான்பிக்கு இது பழைய காட்சி. அன்று 60 கெஜம் குறுக்கே நின்றது. இன்று சில மாடிகள் குறுக்கே நின்றன. இரண்டு இடத்திலும் உதவி பக்கத்தில் இருந்தது. ஆனால் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை.

தீ பிறக்கும்போது சிறியதுதான். அப்போது ஓர் ஆள், ஒரு கருவியோடு படியேறி அதன் அருகில் போய்விட்டால் போதும். பெரிய வண்டி வந்து சேர்வதற்குள் அது அடங்கிவிடும். இதுதான் மான்பிக்குத் தோன்றிய யோசனை.

செம்பு உருளை

சில ஆண்டுகளில் கருவி தயாரானது. பலமான செம்புத் தகட்டினால் ஆன உருளை. சுமார் இரண்டு அடி உயரம். அதில் 3 காலன் தண்ணீர் ஊற்றப்பட்டது. வெறும் தண்ணீர் அல்ல. விறகுச் சாம்பலைக் கரைத்து வடித்துக் காய்ச்சி எடுக்கும் ஒருவகை உப்பு அதில் கலக்கப்பட்டது. அந்த உப்பு எரியும் பொருளின் மேல் படிந்தால், தீ மறுபடியும் பற்றுவது கடினம்.

உருளையில் மீதி இடத்தில், சைக்கிள் டியூபுக்குக் காற்று அடிப்பது போல, பம்பினால் காற்று அடைக்கப்பட்டது. குழாயைத் திறந்தால் உள்ளே அடைபட்ட காற்று தண்ணீரை வேகமாக வெளியே தள்ளும். பம்பு அடிக்க ஆள் வேண்டாம். கிணறு தேட வேண்டாம். தோளில் மாட்டிக்கொண்டு ஒருவரே போகலாம்.

இன்றைய கருவிகள் பலவற்றிலும் இதே தத்துவம்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் மருந்து மாறியிருக்கிறது. அதை அழுத்தத்தால் வெளியே தள்ளும் முறை மாறவில்லை.

பல உருளைகளை ஒரு கைவண்டியில் ஏற்றி, பழகிய ஆட்களோடு அனுப்பலாம் என்றும் அவர் திட்டம் கூறினார். நாடு முழுவதற்கும் பொதுவான தீயணைக்கும் படை வேண்டும் என்று வாதாடினார். அந்தக் காலத்தில் இங்கிலாந்து நகரங்களில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்தான் தீயணைக்கும் ஆட்களை வைத்திருந்தன. மான்பியின் பேச்சை அதிகாரிகள் கேட்டார்கள். ஆனால் செயலில் இறங்கவில்லை. 1830-ம் ஆண்டில் தீத் தடுப்பு பற்றி அவர் ஒரு நூலே எழுதி வெளியிட்டார்.

இதற்கிடையே, 1821-ம் ஆண்டில், திமிங்கில வேட்டைக்கு ஒரு புதிய ஈட்டியைச் செய்து, கிரீன்லாந்துக் கடலுக்குப் போனார். பிரபல மாலுமி ஸ்கோர்ஸ்பியின் கப்பலில் பிரயாணம். அங்கேயும் வேட்டைக்காரர்கள் அவருடைய கருவியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டார்கள். மனிதர் சோர்ந்து போகவில்லை. கண்ட காட்சிகளை எல்லாம் புத்தகமாக எழுதினார்!

கடைசிக் காலம்

1824-ம் ஆண்டில் இங்கிலாந்தில், கடலில் தவிப்பவர்களைக் காப்பாற்ற ஒரு தேசிய சங்கம் தோன்றியது. இன்றும் அது உயிர்காக்கும் படகுகளை நடத்தி வருகிறது. அந்தச் சங்கம் மான்பிக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1831-ம் ஆண்டில் ராயல் சொசைட்டி என்ற பெரிய விஞ்ஞான சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது.

புகழ் வந்தது, பணம் தங்கவில்லை. கிடைத்ததை எல்லாம் சோதனைகளிலும் நெல்சன் நினைவுப் பொருள்களிலும் செலவழித்தார். யார்மத்தில் தமது வீட்டையே நெல்சன் காட்சிசாலை ஆக்கினார். மேலே அறைகள் முழுவதும் நினைவுப் பொருள்கள். அவர் குடியிருந்தது நிலவறையில்!

1854-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி மான்பி காலமானார். 89 வயது நிறைய இன்னும் 10 நாள்தான் இருந்தது. அவருடைய பீரங்கிக் கயிற்றினால் அதுவரை சுமார் ஆயிரம் பேர் உயிர் பிழைத்திருந்தார்கள் என்று கணக்கிடப்பட்டது.

செம்பு உருளையின் காலம் அவருக்குப் பின்தான் வந்தது. 1866-ம் ஆண்டில் லண்டன் நகரம் முழுவதற்கும் பொதுத் தீயணைக்கும் படை ஏற்பட்டது. அதே ஆண்டில் பிரான்சில் கார்லியே என்பவர், சோடாவும் அமிலமும் கலந்தால் வரும் வாயுவைக் கொண்டு தண்ணீரைத் தள்ளும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு நுரை வந்தது. கரியமில வாயு வந்தது. உலர்ந்த பொடி வந்தது.

உல்லாசப் படகில் ஒரு பாடம்

மான்பி வாழ்ந்த யார்மத் இன்று உல்லாசப் படகுகளுக்குப் பேர் போன பிரதேசத்தின் வாசல். அங்கே கடலில் கலக்கும் ஆறுகளிலும், அவற்றை ஒட்டிய நீர்நிலைகளிலும், கோடைக் காலத்தில் குடும்பம் குடும்பமாகப் படகில் தங்கிப் பொழுதைப் போக்குகிறார்கள். படகிலேயே சமையல், படகிலேயே படுக்கை.

மகிழ்ச்சி இருக்கும் இடத்தில் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. சமையல் வாயுவும் அப்படியே. கசிந்தால் அவை மேலே போகாமல் படகின் அடித்தளத்தில் போய்த் தங்கும். அங்கே ஒரு பொறி பட்டால் போதும்.

எண்ணெய்த் தீயில் தண்ணீரைக் கொட்டக் கூடாது. எண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து, தீயையும் பரப்பும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அது உதவாது! அதனால்தான் படகுக்கு என்று பொடியோ, நுரையோ, கரியமில வாயுவோ அடைத்த கருவி வேண்டும். அங்கே ஓடும் மோட்டார் படகுகளை நாலு ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கிறார்கள். தீயணைக்கும் கருவி இருக்கிறதா, அடுப்பின் அருகே தீயை மூடும் போர்வை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

கருவியை எஞ்சினுக்குப் பின்னால் மாட்டுவது தவறு. தீ பிடித்தபின் அங்கே யார் போக முடியும்? வெளியே வரும் வழியில், கை எட்டும் இடத்தில் மாட்ட வேண்டும். எஞ்சின் அறையில் தீ என்றால் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்று புகுந்து தீ பெருகும். அதற்காகவே பல படகுகளில் ஒரு சிறு துவாரம் வைத்திருக்கிறார்கள். அதன் வழியே மருந்தைச் செலுத்த வேண்டும். சிறிய கருவியில் உள்ள மருந்து சில விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆகவே சுவாலையைக் குறி பார்க்காமல், தீயின் அடியைக் குறி பார்க்க வேண்டும். அடங்கவில்லை என்றால், உயிர்காக்கும் சட்டையோடு எல்லோரும் படகை விட்டு வெளியேற வேண்டும். படகை விட உயிர் பெரிது.

கருவி இருந்தால் மட்டும் போதாது. விழித்திருக்கும் கண்ணும் வேண்டும். 2019-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி அதிகாலையில், அமெரிக்காவில் கலிபோர்னியா கரைக்கு அருகே, கன்செப்ஷன் என்ற சுற்றுலாப் படகு நங்கூரமிட்டிருந்தபோது தீப்பற்றி எரிந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் இறந்தார்கள். அந்த இரவில் படகைச் சுற்றிப் பார்த்துக் காவல் காக்க யாரும் விழித்திருக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது.

தீ சிறியதாக இருக்கும்போதே ஓர் ஆள் அருகில் போய்விட வேண்டும் என்று மான்பி சொன்னது வீட்டுக்கு மட்டும் அல்ல, படகுக்கும் பொருந்தும். தெருவில் தீப்பிடித்தால் வண்டி வரும், அக்கம்பக்கத்தார் வருவார்கள். தண்ணீரின் நடுவே யார் வருவார்கள்? அங்கே படகில் இருப்பவர்களே தீயணைக்கும் படை. கை எட்டும் தூரத்தில் தொங்கும் அந்தச் சிவப்பு உருளையே அவர்களுக்குத் துணை.